சோளக் குருத்து

மாடு தின்றால் அதற்குப் பெயர் புல். அதையே பொடிப்பொடியாக நறுக்கி, மேலே நாலு மாதுளை முத்தைத் தூவி, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் படம் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் சாலட். கோயமுத்தூர் வடவள்ளியில், திருமூர்த்திக் கவுண்டரின் மகன் கட்டிய மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் இந்த அதிசயத்தை நாலு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மயில்சாமி. ஐம்பத்தாறு வயது. அந்த வீட்டுத் தோட்டக்காரர்.

மாடியில் பச்சை வலைக்கு அடியில் அறுபது தட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல்கடை கனத்துக்குத் தேங்காய் நார்த்தூள். ஊறவைத்த விதையை அதன்மேல் நெருக்கமாகத் தூவி, இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து இருட்டறையில் போட்டுவிட வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் முளையெல்லாம் ஒன்றுசேர்ந்து செங்கல்லையே மேலே தூக்கியிருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் சோகை பிடித்த மஞ்சள் பொழுது சாய்வதற்குள் பச்சையாகிவிடும். கடுகு, முள்ளங்கி, வெந்தயம், சூரியகாந்தி எல்லாம் சாலட்டுக்கு. கோதுமைப்புல் ஜூஸுக்கு. பச்சைப்பயறும் கொள்ளும் தனியே ஈரத்துணி மூட்டையில் முளைவிட்டுக்கொண்டிருக்கும். காற்று புழுங்கினால் பூஞ்சணம் பிடிக்கும், தண்ணீர் கூடினால் அழுகும். தட்டை மூக்கருகே கொண்டுபோனாலே மயில்சாமிக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் வளர்ப்பது யார் என்றால், மருமகள் பிரவீனா. அப்படித்தான் அவளுடைய ‘முளைக்கூடை’ சேனலில் நாற்பதாயிரம் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டு மாடில, என் கையாலயே வளத்ததுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்வாள். கெட்ட பெண் இல்லை. ‘மயிலண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். பத்து மணிக்கு டீ வரும். வீட்டில் எல்லாருக்கும் ஸ்டீல் டம்ளர், மயில்சாமிக்கு மட்டும் கரும்புச் சக்கையில் செய்த, குடித்ததும் தூக்கிப்போடுகிற கப். பிளாஸ்டிக் என்றால் பூமிக்கு ஆகாதாம். சாதி பார்ப்பதில்கூட சுற்றுச்சூழலைப் பார்த்துக்கொள்கிற குடும்பம்.

மயில்சாமி இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்தார். அவருக்கு அந்த வீட்டில் வேறொரு காரியம் இருந்தது.

முதலில் அது யார் வீடு என்று தெரிந்து அவர் வரவில்லை. போத்தனூரில் ஒரு நர்சரியில் வேலையாக இருந்தவரை, நல்ல கைக்காரர் என்று பிரவீனாவின் புருஷன் கிருபாசங்கர் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டாவது மாசம், காரமடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெட்டி படுக்கையோடு அவனுடைய அப்பா வந்து இறங்கினார். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததுமே மயில்சாமிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"எந்த ஊரப்பா நீயி?"

"மதுக்கரைங்க."

"பூர்வீகம்?"

"காரமடைப் பக்கமுங்க. ரங்கன் மகனுங்க."

திருமூர்த்திக் கவுண்டர் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பி, "இந்தச் செம்பருத்திக்குத் தண்ணி பத்தல பாரு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நாலு வருஷத்தில் ஒரு நாளும் ரங்கன் என்ற பெயர் அந்த வீட்டில் எழவில்லை.

ரங்கன் அவர்கள் பண்ணையத்தில் மாடு பார்த்தவன். நாற்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய கதை இது. திருமூர்த்தியின் அப்பா, அந்தப் பெரிய கவுண்டர், பெற்ற பிள்ளையைவிட ஒரு கறுத்த காரிப் பசுவின் மேல் உயிராக இருந்தார். ஒன்பது மாதச் சினை. அந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. காட்டில் விதைத்த சோளம் முழங்காலுக்குக் கீழேயே நின்று வாடியது. வாடின இளஞ்சோளத்தில் விஷம் இருக்கும், மாடு வாய் வைத்தால் பிழைக்காது என்பது அந்த ஊரில் கோவணம் கட்டத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ரங்கன் கஞ்சி குடிக்க, ஊருக்கு வெளியே அவன் சனம் இருந்த வளவுக்குப் போயிருந்தான். மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது திருமூர்த்தியை. ரங்கன் திரும்பி வந்தபோது பசு கட்டுத்தறியில் கட்டின கயிற்றோடு நுரை தள்ளிக் கிடந்தது. காலை உதறியது. வயிற்றுக்குள் கன்றும் உதறியது வெளியே தெரிந்தது.

அதன் கடைவாயில் ஒட்டியிருந்த பச்சையை விரலால் எடுத்துக் காட்டி, "சோளத்துல வாய வெச்சிருக்குதுங்க சாமி" என்றான் ரங்கன்.

பெரிய கவுண்டர் மகனைப் பார்த்தார். "அவுத்து உட்டியா?"

"இல்லீங்கப்பா. கட்டினபடிக்கேதான் கெடந்துது."

கட்டின பசு செத்தால் அதற்குக் காரணம் தொட்டியில் இருந்த கழனித் தண்ணீர்தான். கழனித் தண்ணீர் வைத்தது ரங்கன்தான். செத்த மாட்டின் தோல் அந்தக் காலத்தில் வளவுக்குத்தான் போகும். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? தோலுக்கு ஆசைப்பட்டு விஷம் வைத்துவிட்டான் என்று கால் மணி நேரத்தில் முடிவாயிற்று. வேப்பமரத்தில் கட்டி மாட்டுச் சாட்டையால் அடித்தார்கள். "வெசம் இல்லீன்னா குடிடா" என்று அதே தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தார்கள். ரங்கன் குடித்தான். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, தொட்டியின் அடி தெரிகிறவரைக்கும் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. "இவனுக வயித்துக்கு எதுதான் ஆகாது?" என்று கூட்டத்தில் ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பதினைந்து வயது மயில்சாமி பக்கத்தில் நின்று பார்த்தான். சிரித்தவர்களில் திருமூர்த்தியும் இருந்தார்.

அந்த வாரமே குடும்பம் மதுக்கரைக்கு வந்துவிட்டது. ரங்கன் சிமெண்ட் மூட்டை தூக்கினான். ஊர் மாறினாலும் பெயர் கூடவே வந்தது. ‘வெசம் வெச்ச ரங்கன்.’ கவுண்டர்கள் சொன்னால் போகிறது என்று விடலாம். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், சொந்த மச்சானே டம்ளரின் வாயைக் கையால் மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு ரங்கன் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. சாகிற அன்றைக்கும், "நான் வெக்கலடா மயிலு" என்றுதான் சொன்னான், மகனுக்குத் தெரியாததுபோல.

மயில்சாமிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. ‘ரங்கன் வைக்கலை, பசுவை நான்தான் அவிழ்த்துவிட்டேன்’ என்று அந்த மனுஷன் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் நாலு வருஷமாகத் தட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுத் தொலையச் சொல்லி மனைவி பொன்னாத்தாள் கரைச்சல் கொடுக்காத நாளில்லை. "கேட்டுப்போட்டு வாரேன்" என்பார். கேட்கத்தான் ஒரு நாளும் வாய் வரவில்லை. அப்பன் ‘சாமி’ என்றான், மகன் ‘ஐயா’ என்கிறார். நாற்பது வருஷத்தில் ஏறின படி அந்த ஒன்றுதான்.

போன தை மாசம் பிரவீனாவின் சேனலில் யாரோ ஒரு புண்ணியவான், ‘கோதுமை வடநாட்டுச் சரக்கு, நம்ம மண்ணுக்கு என்ன செஞ்சீங்க?’ என்று கேட்டுவிட்டான். ரோஷம் வந்துவிட்டது அவளுக்கு. மறுநாளே ஐந்து கிலோ வெள்ளைச்சோளம் வந்து இறங்கியது.

"மயிலண்ணா, இதையும் கோதுமை மாதிரியே போடுங்க. சோளப்புல் ஜூஸ். கொங்கு ஸ்பெஷல்! இதுவரைக்கும் ஒருத்தரும் பண்ணல."

மயில்சாமிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "ஆகாதுங்க அம்மணி."

"ஏனுங்க?"

"எளஞ்சோளத்துல வெசமிருக்குதுங்க. மாடே செத்துப்போகுமுங்க."

பிரவீனா சிரித்தாள். "சோளச்சோறு தின்னுதானே நம்ம சனமெல்லாம் வளந்துச்சு?"

"தானியத்த ஆக்கித் தின்னா சோறுங்க. குருத்து வேறைங்க அம்மணி."

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. யோசிக்கிற பெண்தான். பக்கத்திலே பிரம்பு நாற்காலியில் செய்தித்தாளோடு வெயில் காய்ந்துகொண்டிருந்த மாமனாரிடம் திரும்பினாள். "மாமா, சோளக் குருத்தத் தின்னா மாடு செத்துருமாங்க? மயிலண்ணா சொல்றாரு."

செய்தித்தாள் இறங்கியது. கவுண்டரின் கண் மருமகளைப் பார்க்கவில்லை, மயில்சாமியைப் பார்த்தது. ரங்கன் மகன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றான். நாற்பத்தோரு வருஷமாகக் கட்டிக் காத்த பொய் அந்தக் கிழவருக்குத் தும்மலைப்போலத் தானாக வந்தது.

"எந்த மாடு செத்துது? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது கண்ணு. நீ போடு."

செய்தித்தாள் மறுபடி மேலே போய்விட்டது.

மயில்சாமி அன்றைக்கு சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார். மனுஷன் பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போவான் என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. ஊறவைக்கப் போவது அவர் கை, தண்ணீர் தெளிக்கப் போவதும் அறுக்கப் போவதும் அவர் கை. நாளைக்கு அந்த வீட்டில் ஒருத்தருக்குத் தலை சுற்றினாலும் கேள்வி யாரிடம் வரும் என்று அவருக்குத் தெரியாதா? அப்பன் மாட்டுக்கு வைத்தான், மகன் மனுஷனுக்கு வைத்துவிட்டான் என்பார்கள்.

சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பொன்னாத்தாள், "நாளைல இருந்து போவாதீங்க" என்றாள்.

"போவாம இருந்தா அந்தப் புள்ள குடிச்சுப்போடுமே" என்றார் மயில்சாமி. ரித்திகாவைச் சொன்னார். பிரவீனாவின் மகள், பன்னிரண்டு வயது. எந்த ஜூஸ் வந்தாலும் கேமராவுக்கு முன்னால் முதல் வாய் குடிப்பது அவள்தான்.

அதனால் அவர் சோளத்தை விதைத்தார். செங்கல் வைத்தார். மூன்றாம் நாள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அகலமான இலையோடு, அடித்தண்டில் லேசான சிவப்போடு அழகாகத்தான் வளர்ந்தது. எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குத்தான் வீடியோ. விடிந்தும் விடியாமலும் வந்து சோளம் முழுவதையும் வேரோடு பிடுங்கி, கீழே உரக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். பக்கத்துத் தட்டிலிருந்த கோதுமைப்புல்லை அறுத்து, அலசி, பொடியாக நறுக்கிப் பாத்திரத்தில் வைத்து மூடினார். மிக்சியில் அடித்த பிறகு கோதுமை எது, சோளம் எது? பச்சைத் தண்ணீர்தான். அவர் கையால் யாருக்கும் விஷம் போகாது, அது கவுண்டராகவே இருந்தாலும் போகாது. ஆனால் அது கோதுமை என்று மயில்சாமியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இன்றைக்கு அந்த வார்த்தை வந்தால் வரும், இல்லாவிட்டால் எப்போதும் வராது.

ஒன்பது மணிக்கு மாடி களைகட்டியது. பிரவீனா கைத்தறிச் சேலையில் வந்தாள். போனை முக்காலியில் மாட்டினாள். மேஜையில் முளைப்பயறு சாலட், அதன்மேல் கடுகுக் குருத்து, பக்கத்தில் எலுமிச்சை. நறுக்கின புல்லை இஞ்சியோடு மிக்சியில் போட்டு அடித்து, வடிகட்டி, ஜாடியில் ஊற்றினாள். "வணக்கமுங்க, முளைக்கூடைக்கு வாங்க" என்று ஆரம்பித்து, நம்ம மண், நம்ம சோளம், நம்ம பாரம்பரியம் என்று அடுக்கினாள். கவுண்டர் பிரம்பு நாற்காலியில் இருந்தார். அன்றைக்குச் செய்தித்தாள் இல்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மயில்சாமி ஒரு கிளாஸில் ஜூஸை ஊற்றினார். நேராகக் கவுண்டரிடம் போய் நீட்டினார்.

"ஐயா மொதல்ல குடிங்க."

நாலு வருஷத்தில் அவர் கையிலிருந்து கவுண்டர் கைக்கு எதுவும் போனதில்லை. பிரவீனாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆமாங்க மாமா! நம்ம சோளத்தப் பத்தி நாலு வார்த்தை சொல்லிப்போட்டுக் குடிங்க. சூப்பரா இருக்கும்."

கவுண்டர் கிளாஸை வாங்கவில்லை. நெற்றியில் வேர்வை பொடித்தது. "எனக்கு சக்கரை" என்றார்.

"இதுல சக்கரையே போடலீங்க மாமா."

"வேண்டாம்னா விடு."

"ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றார் மயில்சாமி.

கவுண்டரின் முகத்தைப் பார்த்தபடியே நின்ற மயில்சாமிக்கு, இந்த ஆள் கடைசிவரை சொல்லமாட்டான் என்று தோன்றியது. அப்போது ரித்திகா, "தாத்தாக்கு வேண்டாம்னா நான் குடிக்கிறேன்" என்று எட்டி அந்தக் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டாள். போனைப் பார்த்துச் சிரித்தாள். கிளாஸ் உதட்டுக்குப் போயிற்று.

அந்தக் கணத்தில் மயில்சாமி அசையவில்லை. கோதுமைதான், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளையின் வாயை வைத்துப் பந்தயம் கட்டுகிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

கவுண்டர் எழுந்தார். அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ, ஒரே அடியாகக் கிளாஸைத் தட்டிவிட்டார். தரையில் கண்ணாடி சிதறியது. பிரவீனாவின் சேலையெல்லாம் பச்சை.

"குடிச்சுப்போடாதே கண்ணு! வெசம் அது! எங்க காரிப்பசுவ நாந்தான் அவுத்து உட்டேன். மோட்டார் ரூமுல சீட்டு வெளையாடற நேரத்துக்கு வரப்புல மேயட்டும்னு உட்டேன். சோளத்துல பூந்து நாலு வாய்தான் கடிச்சுது. இழுத்துட்டு வந்து கட்டறதுக்குள்ள நொர தள்ளிப்போச்சு. வயித்துல கன்னு வேற..."

மூச்சு வாங்கியது அவருக்கு. பேத்தியின் வாயை விரலால் துடைத்தார்.

மயில்சாமி அங்கேயே மேஜையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தோரு வருஷம் காத்திருந்த வார்த்தை, கோடாலியால் பிளந்ததைப்போல, ஒரு பிசிறில்லாமல் வந்து விழுந்துவிட்டது. அதைக் கேட்க அப்பன் இல்லாமல் போனானே என்று நினைத்தார். முக்காலியில் போன் சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் அதில் ஏறியிருக்கும்.

"அப்ப மயிலண்ணா சொன்னது நெஜமுங்களா?" என்றாள் பிரவீனா. "நாந்தான் கேக்காம..."

மூச்சு திரும்பியதும் கவுண்டருக்குப் பழைய புத்தியும் திரும்பிவிட்டது. மயில்சாமியைக் காட்டினார். "தெரிஞ்சுதானே அறுத்துக் குடுத்தான்? கேளு அவன. எனக்குத்தானே மொதல்ல கொண்டாந்து நீட்டினான்?"

பிரவீனா மயில்சாமியைப் பார்த்தாள். மயிலண்ணா என்று கூப்பிட்ட கண் அது இல்லை. மெல்ல நகர்ந்து மகளை இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். மயில்சாமியைக் கொன்றது கவுண்டரின் பேச்சுகூட இல்லை, அந்த இரண்டடி நகர்ந்ததுதான்.

அவர் ஜாடியைத் தூக்கினார். வாயில் வைத்துக் குடித்தார். பிரவீனா வீலென்று கத்தினாள். அவர் நிறுத்தவில்லை. கடைவாயில் வழிய வழிய, ஜாடியின் அடி தெரிகிறவரைக்கும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கோதுமைங்க அம்மணி. சோளத்த வெடியக்காலமே பறிச்சு உரக்குழியில போட்டு மூடிப்போட்டனுங்க. போய்ப் பாத்துக்கோங்க." பிறகு கவுண்டர் பக்கம் திரும்பினார். "பசுவ நீங்கதான் அவுத்து உட்டீங்க. சொல்லிப்போட்டீங்க. அப்ப என்ற அப்பன எதுக்குங்க மரத்துல கட்டினீங்க?"

கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைக் குனிவார் என்று மயில்சாமி எதிர்பார்த்தார். குனியவில்லை.

"எப்பவோ செத்த மாட்டுக்கு இப்ப என்னடா? எங்கப்பாவுக்குப் பயந்து அன்னைக்கு ஒண்ணு சொன்னேன். அவுரும் போயிட்டாரு, உங்கப்பனும் போயிட்டான். அதுக்கோசரம் சின்னப்புள்ளைய வெச்சு நாடகம் போடுவியா?"

பிரவீனாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. யாரை மரத்தில் கட்டினார்கள் என்று அவள் கேட்கவில்லை. "எங்கள ஏமாத்திட்டீங்கல்ல, மயிலண்ணா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பாவம், அவளுடைய கொங்கு ஸ்பெஷல் போய்விட்டது.

சாயங்காலம் கிருபாசங்கரிடமிருந்து போன் வந்தது. மரியாதையாகத்தான் பேசினான். இனிமேல் வர வேண்டாமுங்க என்றான்.

மயில்சாமிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "சொல்லிப்போட்டான்" என்று பொன்னாத்தாளிடம் மூன்று தரம் சொன்னார். "நாந்தான் அவுத்து உட்டேன்னு அவன் வாயால சொன்னான். போனுல ஏறிப்போச்சு. நாப்பதாயிரம் பேரு பாக்கப்போறாங்க."

"அதப் போடுவாங்கன்னு நெனைக்கறீங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

"அந்தப் புள்ள போடும். ஆளு மோசமில்ல."

புதன்கிழமை மத்தியானம் வீடியோ வந்தது. சோளக் குருத்தில் விஷம், தாத்தா சொன்ன உண்மை என்று தலைப்பு. மயில்சாமியின் மகள் பொற்கொடி அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அவள் போனைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பின்னால் அடுப்பில் சோறு கொதித்தது.

வீடியோவில் கவுண்டர் வேறு சட்டை போட்டிருந்தார். திருநீறு பளிச்சென்று இருந்தது. பிரம்பு நாற்காலிக்குப் பின்னால் பச்சைத் தட்டுகளெல்லாம் வரிசையாக நின்றன. மயில்சாமி வளர்த்த தட்டுகள். முள்ளங்கிக்குத் தண்ணீர் கூடிப்போயிருந்தது, பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது.

"எளஞ்சோளத்த மனுசரும் திங்கக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாதுங்க" என்று நிதானமாகச் சொன்னார் கவுண்டர். "நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. எங்கூட்டுல சாமியாட்டம் ஒரு காரிப்பசு இருந்துதுங்க. ஆளுக்காரன் ஒருத்தன், ரங்கன்னு பேரு, கவனமில்லாம சோளத்துல அவுத்து உட்டுட்டான். செனைப்பசுங்க. துடிச்சுச் செத்துது. அவன நாங்க ஒரு வார்த்தை சொல்லலீங்க. விவரமில்லாத சனம், என்ன பண்றது, மன்னிச்சு உட்டுட்டோம்."

பிரவீனா பக்கத்தில் கை கூப்பினாள். பெரிய மனசுங்க மாமா உங்களுக்கு என்றாள்.

பொற்கொடி வீடியோவை நிறுத்தினாள். மயில்சாமி, "மறுக்காப் போடு" என்றார். போட்டாள். விஷம் வைத்தவன் போய், விவரமில்லாதவனாகியிருந்தான் ரங்கன். அவனை மன்னிக்கவும் மன்னித்துவிட்டார்கள். மயில்சாமிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டில் ஜனங்கள் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். இந்த மாதிரி பெரியவங்க இருக்கறதாலதான் மழை பெய்யுது என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

"இதுல நாம எழுத முடியுமா கண்ணு?"

"முடியும். சொல்லுங்கப்பா."

"பசுவ அவுத்து உட்டது நீங்கதான். எங்கப்பன் இல்ல. அப்படி எழுது."

பொற்கொடி எழுதினாள். "யார் பேர்லப்பா போடறது? என் பேர்ல போகும்."

"அடியில ரங்கன் மகன்னு போடு."

போட்டாள். நாற்பதாயிரம் பேர் வந்து போகிற இடத்தில் அப்பன் பெயர் இரண்டு வரியோடு நின்றது. மயில்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாத்தாள் எழுந்து போய்ச் சோற்றைப் பதம் பார்த்தாள். இன்னும் ஒரு கொதி வரட்டும் என்று விட்டாள். பிறகு இறக்கி, வடித்து, மூடி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அந்த இரண்டு வரி அங்கே இல்லை.